ஸ்பெயின் மாப்பிள்ளையின் உத்தியோகம்

ஹம்பேர்க் நகர ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். நான் கைபேசியில் மூழ்கியிருப்பதாக நடித்தேன். அது எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

“மகள் விரும்புற ஸ்பெயின் பெடியனுக்கு ஓடுறதுதான் உத்தியோகமாம், அக்கா. ஆயிரத்தைந்நூறு மீற்றர்.”

“எவ்வளவு நேர வேலை?”

“மூண்டரை நிமிசம்.”

அவ்வளவு நேரத்தில் நான் சப்பாத்துக்கூடக் கட்டி முடித்ததில்லை.

“பிறகு?”

“களைப்பாறுவாராம். முப்பத்தைஞ்சு வயசோட எல்லாம் முடிஞ்சிடுமாம். மகளின்ர தேப்பனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது? வேலை நிரந்தரமில்லாத மாப்பிள்ளையை வாசல்படி ஏறவும் விடமாட்டார்.”

அக்கா, பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று விசாரிக்கும் குரலில் கேட்டார்:

“பெடியன் ஐரோப்பாவில எத்தினையாம் பிள்ளை?”

“நாலாம் பிள்ளை.”

“அதை மட்டும் சொல்லு. என்னத்தில எண்டு கேக்காமலே உன்ர மனுசன் ஊருக்குப் போன் எடுத்திடுவார்.”