கொடியில் ஒரு கிளிப் குறைகிறது

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் குடியுங்கள், ஜாஸிம் தம்பி. அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்த அந்தத் துணிக் கிளிப்பை மேசைமேல் வைத்துவிடுங்கள். கொடியில் ஒன்று குறைகிறது.

அது எப்படி அங்கே போனது என்று கேட்கிறீர்கள். நான்தான் போட்டேன். சொல்லிக் கொடுத்தது நீங்கள். முதல் தடவை வைஃபை நின்று, கம்பெனியிலிருந்து நீங்கள் பழுது பார்க்க வந்தபோது, அலமாரி அந்த மெல்லிய வயரை நசுக்கியிருந்தது. நகர்த்தி வைத்துவிட்டு, "உள்ள கண்ணாடி இழை ஆன்ட்டி. மடிச்சா வெளிச்சம் அந்தப் பக்கம் போவாது, பெட்டியில செவப்பு லைட்டு வந்துரும். நேராக்கிட்டா பச்சை. பாத்துக்குங்க லா" என்றீர்கள். பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறாளே லோஷினி, அவளுக்குப் பக்கத்து ஊர் செடெனாக்கில் புதிதாக வந்த கம்ப்யூட்டர் கட்டடத்தில் வேலை. உலகத்துச் செய்தியெல்லாம் அது வழியாகத்தான் போகிறதாம். இந்த வீட்டுக்குள்ளோ கைப்பேசி லைன் கிடைக்காது. கேட் வரைக்கும் நடக்க வேண்டும். வைஃபை இருந்தால்தான் பேச்சு. தினமும் ஏழு மணிக்குத் தைப்பிங்கிலிருந்து அவள் அப்பா திருச்செல்வம் வீடியோவில் வருவார். தாய் இல்லாத பெண். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"என்ன கறி இன்னிக்கு?"

"ஆன்ட்டி வெச்ச மீன் கறிப்பா."

"எனக்கும் ஒரு துண்டு அனுப்பு லா."

சிரிப்பார்கள். கறி வைத்த நான் சமையலறையில் தனியாகச் சாப்பிடுவேன்.

அந்த முதல் தடவை நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் அவள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "உங்க ரசத்துக்கு ஒரு கடையே போடலாம் ஆன்ட்டி" என்றாள். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். அதற்குப் பிறகு என் ரசத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் கிளிப். பிறகு இரண்டு நாள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வயரை மடித்துக் கிளிப்பைப் போடுவேன், எட்டரைக்கு எடுத்துவிடுவேன். நீங்கள் வந்து பார்க்கும்போது பச்சையாக இருக்கும். "நல்லாத்தானே இருக்கு?" என்று தலையைச் சொறிவீர்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னாள்: "நாளைக்கு அப்பாவுக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் ஆன்ட்டி. இன்னிக்கு ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து பேசுவாரு. லைன் மட்டும் நல்லா இருக்கணும், சாமி."

தெளிவாகத்தான் கேட்டேன். அவ்வளவு பயத்தோடு ஒரு பெண் தனி அறையில் உட்காரக் கூடாது என்று பட்டது. அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்தேன். செய்துவிட்டுப் போய்க் கிளிப்பைப் போட்டேன்.

ப்ளக்கைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி செருகினாள். சிவப்புதான். கேட்டுக்கு ஓடப் பார்த்தாள். வெளியே மழை, இடி. கையைப் பிடித்துக்கொண்டேன். "மின்னல் வெட்டுதும்மா. ஆப்பரேஷன் முடிஞ்சதும் ஆற அமரப் பேசலாம். ஒக்காரு."

மழை விடவே இல்லை. அன்றைக்குக் கிளிப்பை எடுக்க மறந்துவிட்டேன், இன்று நீங்கள் எடுக்கும்வரை அங்கேயேதான் கிடந்தது. மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் அவளுக்கு எல்லாம் வந்து விழுந்தது. எட்டு முறை கூப்பிட்டிருக்கிறார். அதற்குள் அவரை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். அவர் கண் விழிக்கவில்லை.

கடைசியாக ஒரு குரல் பதிவு. எனக்கும் போட்டுக் காட்டினாள். "லைன் இல்ல போல. பரவால்ல. நீ சாப்டுட்டுப் படு, தாயி."

சாப்பிட்டாள். அதை அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். வேண்டாம் வேண்டாம் என்றவளுக்கு இரண்டு தரம் நான்தான் பரிமாறினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து, முந்தாநாள் திரும்பி வந்தாள். வந்ததும், லைனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று உங்கள் பேரில் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டாள். வேலைக்கே ஆபத்து என்கிறீர்கள். வருத்தம்தான், தம்பி. ஆனாலும் அவளிடம் சொல்லாதீர்கள். எனக்காக இல்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆறு மணிக்கு வந்துவிடுவாள். வயரை நேராகவே விட்டுவிட்டுப் போங்கள், பச்சை எரியட்டும். இனி ஏழு மணிக்கு அவளைக் கூப்பிட யாரும் இல்லை.