மரம் உக்கின இடம்

கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் போகும் பின்னேர பஸ். எனக்கு முன் சீட்டில், மடியில் பசளைப் பைகளோடு இரண்டு பெண்கள். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் நித்திரை கொள்ளத் தனிப் பழக்கம் வேண்டும். மூத்தவருக்கு அது இருந்தது. இளையவர் அவரைத் தட்டினார்.

"அக்கா, யுரேனியக் கல்லு உண்டாக நெருப்பே வேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"என்ர மகள். கம்பஸில கல்லுகளைப் பற்றித்தானே படிக்கிறாள். வெறும் பச்சைத்தண்ணி பாறைக்குள்ளால ஊறிப் போகேக்க யுரேனியத்தைக் கரைச்சுக் கொண்டு போகுமாம். காத்துப் படாமல் மரம் உக்கிக் கிடக்கிற இடத்தில வந்துதான் படிஞ்சு கல்லாகுமாம். அதில சில சாதிக் கல்லு உலகத்திலயே ஒண்டு ரெண்டு இடத்திலதானாம்."

மூத்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

"எங்கட வளவிலயும் சண்டை நேரம் செல்லுக்கு ஒளிக்க வெட்டின பங்கருக்குப் போட்ட பனங்குத்தியள் மண்ணுக்குள்ள உக்கிக்கொண்டுதான் கிடக்குது. அங்கயும் வருமோ?"

"வாறதெண்டாலும் லட்சக்கணக்கான வருசம் ஆரும் கிண்டிக் கிளறாமல் கிடக்க வேணுமாம்."

பஸ் ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியது. மூத்தவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி சாய்ந்தார்.

"எங்களை ஒரு இடத்தில அவ்வளவு காலம் ஆர் இருக்க விடுறது, பிள்ளை?"