இடிக்குக் கூப்பிடும் பேர்

காசியம்மாள்: ...இந்த மின்னல்ல வெளிய போய் நின்ன பொம்பள நீ ஒருத்திதான். மொதல்ல தலையத் தொவட்டு.

தனம்: வெளிய எங்க அத்தை... களத்துலதான இருந்தேன்.

காசியம்மாள்: களம் இன்னா கூர போட்டா கெடக்குது? போன கோடையில இடி வுழுந்து மாயவன் மாடு எங்க செத்துச்சு?

தனம்: ...அங்கதான்.

காசியம்மாள்: தெரியுதில்ல? வெயில்ல கெடந்து மயக்கம்னு சுருண்டு படுத்தவ, பெருமுக்கல் மலப் பக்கம் கருத்ததும் எழுந்து ஓடற.

தனம்: மல்லாட்டை காயப் போட்டிருந்துச்சே...

காசியம்மாள்: எங்க, கூடைய காட்டு.

தனம்: அது வந்து... ஓடையில தண்ணி வந்துடுச்சு அத்தை. முட்டிக்கு மேல. ஜல்தியா வந்துட்டேன்.

காசியம்மாள்: கூடைய காட்டுன்னேன்... ஒரு கடலக்கொட்ட இல்ல. எப்படி இருக்கும்? வண்டிக்கார சக்கரபாணி மத்தியானமே மூட்டைய வண்டியில கொண்டாந்து எறக்கிட்டானே. எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சியா?

தனம்: நீங்க மட்டும் இன்னா? கதவ தொறந்து போட்டு ஒக்காந்துக்கினு... நடுவூடு வரைக்கும் சாரல். பாயெல்லாம் நனைஞ்சி கெடக்குது.

காசியம்மாள்: புழுக்கமா இருந்துச்சு.

தனம்: இந்தக் குளுருலயா?

காசியம்மாள்: பேச்ச மாத்தாத. களத்துல யாரு இருந்தா?

தனம்: பாதி ஊரு இருந்துச்சு. பொன்னி வூட்டாளுங்க, பூமாலை... அவுங்கவுங்க காயப்போட்டத வாரிக்கினு இருந்தாங்க. ஒவ்வொரு இடிக்கும் அர்ச்சுனா, அர்ச்சுனான்னு கத்திக்கினு.

காசியம்மாள்: இடி இடிச்சா, மேல வுழக்கூடாதுன்னு கத்தத்தான் செய்வாங்க. நீயும் கத்தினியா?

தனம்: நான் எப்படி கத்துவேன்? கட்டினவரு பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு சொன்னது நீங்கதான... பொன்னிகூட கேலி பண்ணா. தலையில இடியே வுழுந்தாலும் இவ வாயத் தொறக்க மாட்டான்னு.

காசியம்மாள்: ...கொழுப்பு அவளுக்கு.

தனம்: நீங்க சொல்லலாம் அத்தை. பெத்தவங்க.

காசியம்மாள்: பெத்தவதான். பாரதக் கூத்துல வில்லாளி தபசு மரம் ஏறுன அன்னிக்கிப் பொறந்தான்னு, நான்தான் அந்தப் பேர வச்சேன்.

தனம்: அப்புறம் இன்னா?

காசியம்மாள்: மாட்ட வித்துட்டு கெணத்துக்கு இஞ்சின் வைப்பேன்னு நின்னான். முடியாதுன்னேன். அன்னிக்கே மெட்ராசுக்கு ரயிலேறிட்டான். இனி அவன் பேர இந்த வூட்ல எடுக்கக் கூடாதுன்னேன். சொன்னா சொன்னதுதான்.

தனம்: இப்பகூட இடிச்சுதே... உதட்டக் கடிச்சிக்கினீங்க. நான் பாத்தேன்.

காசியம்மாள்: நீ எதுக்கு களத்துக்குப் போன? அத சொல்லு.

தனம்: ...திட்டாதீங்க.

காசியம்மாள்: சொல்லு.

தனம்: நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்ல மாட்டீங்க. இந்த வூட்ல அந்தப் பேரே இல்லாம போச்சு. யாராவது வாய் நெறைய கூப்புட்டா காதால கேக்கணும் போல இருந்துச்சு அத்தை... ஏக்கமா இருக்குது. அதுக்குத்தான் போனேன்.

காசியம்மாள்: அதுக்கு உசுரையா குடுப்ப? நீயும் பூட்டா எனக்கு யாருடி இருக்கா?

தனம்: இனிமே போகல... அழுவாதீங்க. இருங்க, கதவ சாத்திட்டு வெளக்கு ஏத்தறேன்.

காசியம்மாள்: சாத்தாத தனம்... எதிர் வூட்டுப் புள்ளைங்க இன்னும் கத்திக்கினுதான் இருக்குதுங்க. அத கேக்கத்தான் நானும் ஒக்காந்துக்கினு இருக்கேன்.