முன்மொழிந்தவர்

நோர்பரியில் நான் ஏறிய பஸ்ஸில் முன் இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் இருந்தார்கள். கவுன்சில் தேர்தலுக்கு வோட்டுப் போடப் போகிறார்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று மனைவி போனில் தேடிக்கொண்டு வந்தார். திடீரென்று அவர் குரல் உயர்ந்தது.

"இஞ்சேருங்கோ, இதில உங்கட பேர் கிடக்கு!"

"நான் எங்கையப்பா எலெக்‌ஷன் கேட்டனான்?"

"கேக்கேல்லை. ஒருத்தனை முன்மொழிஞ்சிருக்கிறியள். முழுப்பேரும் போட்டிருக்கு."

கணவர் போனை வாங்கிப் பார்த்தார். "ஐயோ, இவன் எங்கட ரோட்டுக்காரன். குப்பை ஒழுங்கா அள்ளுறேல்லை எண்டு பெட்டிசன் குடுக்கப்போறன் எண்டுதானே கையெழுத்து வாங்கினவன்!"

"வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

"மழைக்குள்ள வந்து நிண்டவன். பாவமெண்டு உள்ளுக்கு இருத்தித் தேத்தண்ணி குடுத்தனான்."

"அவன் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமோ? அகதியளுக்கு வீடு குடுக்கக்கூடாதாம். வந்த ஆக்களையும் திருப்பி அனுப்ப வேணுமாம்."

கணவர் போனை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அகதியா வந்த கதையையும் அவனுக்குச் சொன்னனான். தலையாட்டிக் கேட்டுப்போட்டுத்தான் பேப்பரை நீட்டினவன்."

பஸ் நின்றது. மனைவி எழுந்துவிட்டார். கணவர் எழவில்லை.

"வாங்கோவன், இதுதான் இடம்."

"எனக்கு ஏலாதப்பா. உள்ளுக்குப் போனா முதல்ல என்ர பேரைத்தான் கேப்பினம்."

"கேக்கட்டும். பலமாச் சொல்லுங்கோ" என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினார் மனைவி.