டிப்பர் தாண்டுமா?

— குச்சியக் கீழ போட்டுட்டுப் பேசுங்க வீரராகவண்ணா. அப்பதான் ஒங்க நாயி டிப்பர அவுத்து உடுவேன்.

— போட்டாச்சுமா, நல்லா பாத்துக்க. ஆனா பேச்சு பேச்சுதான் குணசுந்தரி. மூணு பைப்பு. மூணையும் என் நாயி தாண்டணும், அடி இல்லாம, அதட்டல் இல்லாம. தாண்டிச்சுன்னா இந்த யார்டு கேட்டு சாவி ஒன் கையில. இல்லாங்காட்டி ஒன் நாய் கிளப்ப மூட்ட கட்டிக்கினு போய்க்கினே இரு.

— கம்பெனிய மூடி ரெண்டு வருசமாச்சு. லாரி நின்ன எடத்துல முள்ளு மொளைச்சிக் கெடக்குது. இதுக்கு இவ்ளோ பிகுவா?

— செக்யூரிட்டி என்ன நம்பித்தான மொதலாளி உட்டுட்டுப் போயிருக்காரு? எதுனா கடிச்சி வெச்சா நான்தான் பேஜாராவேன்.

— கடிக்காம வளக்கத்தான் கிளப்பே! சிப்காட் கேன்டீன்ல என்கூட வேல செய்றவளுங்க, மீஞ்சூர்லேர்ந்து வர மதன்னு மொத்தம் பன்னெண்டு பேரு சேர்றதா சொல்லிட்டாங்க. ரோட்டுல பழக்குனா லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிடுவான். வேற எடம் இல்லண்ணா.

— அப்டி இன்னா சொல்லிக் குடுப்ப? சர்க்கஸா?

— பைப்பு தாண்டணும், டயருக்குள்ள பூரணும், சிமெண்டு கொழாயில நொழைஞ்சி அந்தாண்ட வரணும். செஞ்சா ஈரல் துண்டு. செய்யலன்னா ஒன்னுமில்ல. அவ்ளோதான்.

— திட்டு கூடவா இல்ல?

— திட்டு கூட இல்ல.

— என் பொஞ்சாதி எனக்கு இவ்ளோ சலுகை குடுத்ததில்லமா.

— அண்ணியையும் கிளப்புல சேத்துக்குறேன். சும்மா இருங்க. டிப்பரு... வாடா தங்கம், வா...

— படுத்துக்கிச்சு! பாத்தியா, வயித்தத் தரையில ஒட்டிக்கினு? ஏழு கம்பெனி காவலுக்கு நாயி பழக்குனவன் நான். ஓங்குன கைக்குத்தாம்மா நாயி வேல செய்யும்.

— இருங்க. ஈரலத்தான் பாக்குது. ஆசையாத்தான் கீது, ஆனா எழும்ப மாட்டேங்குது. ஏன்னுதான்... அண்ணா, கைய எறக்குங்க.

— குச்சிதான் கீழ கெடக்குதே!

— குச்சி இல்ல, கை. நெத்தி மேல வெச்சிருக்கீங்களே, அது.

— வெயிலுமா! நேரா கண்ணுல அடிக்குது. மறைச்சிக்கினாதான் நாயே தெரியுது.

— நமக்குத்தான் அது வெயிலு. அதுக்கு ஓங்குன கைதான.

— எறக்கிட்டேன். தொடையோட ஒட்டி வெச்சிக்கினேன், போதுமா? கண்ணுல தண்ணியாக் கொட்டுது, ஒரு மண்ணும் தெரில. நீதான் பாத்து சொல்லணும். நாணயமா சொல்லு.

— எழுந்திரிச்சிட்டான்.

— ம்.

— மொத பைப்பு... தாண்டிட்டான்! இந்தா, தின்னு. ரெண்டாவதும்... அட என் ராசா!

— மூணாவது?

— ...

— இன்னாமா, சத்தத்தக் காணோம்? தாண்டிச்சா?

— இல்லண்ணா. தாண்டல. பைப்ப சுத்திக்கினு வந்துட்டான்.

— தாண்டிச்சுன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? எனக்கா தெரியப் போவுது, பைத்தியமே.

— எடம் போனா போவட்டும். ஊர் ஊரா அலைஞ்சாவது வேற எடம் புடிப்பேன். நீங்க அசையாம மட்டும் நில்லுங்க.

— ஏன்?

— ஒங்களாண்டதான் வரான். வால ஆட்டிக்கினு.

— ஆமாம்மா... முட்டியில மூக்க வெச்சிட்டான். குணசுந்தரி, சாவி என் சட்டப் பையில கீது, நீயே எடுத்துக்க. நான் கையத் தூக்க மாட்டேன்.