திரும்பிப் பார்த்த சிறுத்தை

எங்கள் லேஅவுட்டில் சாயங்காலக் காற்று நன்றாக இருக்கும். ஏரிப் பக்கமிருந்து வரும். மைசூருக்குள் அந்தக் காற்று இப்போது கிடையாது. அக்ரஹாரத்து வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போய்விடலாம் என்று என் மகன் ஸுமந்த் சொன்னபோது, நான் உடனே தலையாட்டியதற்கு அந்தக் காற்றுதான் காரணம்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கொள்ளேகால்காரர், தமிழ் நன்றாகத் தெரியும் என்று வாசலில் இருந்த கான்ஸ்டபிள் சொன்னார். சௌகரியமாகப் போயிற்று. முதல்நாள் உங்களிடம் பொய்யை எல்லாம் கன்னடத்தில் சொன்னேன். இதையாவது வீட்டு மொழியில் சொல்கிறேன்.

நீங்கள் வந்து பார்த்த இடம்தான். பாதி லேஅவுட், பாதி கிராமம். சிமெண்ட் ரோடு போட்டாயிற்று, விளக்குக் கம்பம் நட்டாயிற்று, பல்புதான் வரவில்லை. வீட்டுக்கு வீடு நடுவில் காலி மனைகள். அவற்றில் கெம்பையனின் மாடுகள் மேயும். லேஅவுட் முழுவதும் ஒரு காலத்தில் அவனுடைய கேழ்வரகு வயல். மாட்டுக்கொட்டகை இருக்கும் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிட்டான். எங்கள் ஹாலில் சோபா கிடக்கும் இடத்தில்தான் முன்பு கதிர் அடித்தார்கள் என்று ஒருமுறை சொன்னான். அதைக்கூட வருத்தமில்லாமல்தான் சொன்னான்.

மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ரிடையரானவர்கள் ஐந்தாறு பேர் தினமும் சாயங்காலம் அதன் கட்டைச் சுவரில் உட்காருவோம். மற்றவர்களுக்குப் பேச விஷயம் இருந்தது. ஒருவருக்கு டெக்ஸாஸில் பேரன். ஒருவருக்கு நெஞ்சில் ஸ்டெண்ட். சங்கத் தலைவர் சேகரனுக்குச் சங்கம். எனக்குப் புளுகு மட்டும்தான். சாமராஜநகர் ரோட்டில் ஒரு யானை பஸ்ஸை நிறுத்தியதையும், கண்டக்டர் இறங்கிப்போய் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்ததையும் முகத்தை மாற்றாமல் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். யாரும் நம்பமாட்டார்கள். நம்பக்கூடாது என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

ஒருநாள் நான் போகத் தாமதமாகிவிட்டது.

“என்ன கேசவமூர்த்தி சார், இன்னிக்கு லேட்டு?” என்றார் சேகரன்.

“ஏரிக்கரையில ஒரு சிறுத்தை குறுக்கே நின்னுண்டிருந்தது. பெரியவாளுக்கு வழிவிடணும்னு அதுக்கு யாரும் சொல்லித்தரலை போலிருக்கு. அது போறவரைக்கும் நின்னேன்.”

சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சேகரன் கட்டையிலிருந்து எழுந்துவிட்டார்.

“எந்தப் பக்கம் போச்சு சார்?”

சார், எனக்கு எழுபத்தாறு வயது. அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த இடத்தில் நான் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்திருக்க வேண்டும். கையை நீட்டி ஏரியைக் காட்டினேன்.

எங்களைப் போன்ற ஓரத்து லேஅவுட்டுகளில் சிறுத்தை வருவது உண்டு என்பதால் அது சுலபமாக வளர்ந்தது. ஃபாரஸ்ட் கார்டு வந்து சேற்றில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நாய்க்கால் தெரிந்தது, மாட்டுக்கால் தெரிந்தது. “இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது” என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டார்கள். ஏரிக்கரைப் பாதையை முள்ளு வெட்டிப் போட்டு அடைத்தார்கள். கூண்டு வந்தது. அதில் கெம்பையனின் நாய் மாட்டிக்கொண்டது. மாடியில் துணி உலர்த்திய ரஞ்ஜிதா என்ற பெண் புதருக்குள் வாலைப் பார்த்ததாகச் சொன்னாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதனால் என் சிறுத்தைக்கு இடது காதில் ஒரு கிழிசல் கொடுத்தேன்.

என் மனைவி ஸத்யபாமா ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும்.

“ஏன்னா, அன்னிக்கு நீங்க பல்செட்டைக் காணும்னு வீடு பூரா தேடிண்டிருந்தேள். கடைசியில சட்டைப் பையில இருந்தது. இதுக்கு நடுவுல சிறுத்தை எப்போ வந்தது?”

“நீ உள்ளே இருந்தே, உனக்கெப்படித் தெரியும்?”

“போறும். நாளைக்காவது போய்ச் சொல்லிடுங்கோ. ஜனங்கள் குழந்தைகளை வெளியில விடமாட்டேங்கறா.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அதைத் தினமும் சொன்னேன். அதை அவளும் யானைக் கதையோடு சேர்த்துவிட்டாள்.

செல்லக்கண்ணுவை உங்களுக்கு ஃபோட்டோவில்தான் தெரியும். சிவகுமார் என்ற பெங்களூர்க்காரர் எங்கள் தெருக் கோடியில் பாதி கட்டிப் போட்டிருக்கும் வீட்டுக்கு அவன் வாட்ச்மேன். ஹனூர்ப் பக்கம். பெண்டாட்டி தாரணி, நடக்கப் பழகும் ஒரு பெண் குழந்தை, மூன்று பேருக்கும் ஒரு தகர ஷெட். தமிழ் பேசுகிறவன் என்பதால் என்னிடம் ஒட்டுதல். ஒருநாள் பாலத்துக்கே வந்துவிட்டான். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“சாமி, மெய்யாலுமே இருக்குதுங்களா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னா நான் நம்புவனுங்க. எங்க ஷெட்டுக்குக் கதவே இல்லீங்க, கோணிதான் தொங்குது. இருக்குதுன்னா இதுங்க ரெண்டையும் ஊர்ல கொண்டுபோய் உட்டுப்போட்டு வந்தர்றேன்.”

கட்டையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவனிடம் மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனோடு நான் பேசியது தமிழ், மற்றவர்களில் பாதிப் பேருக்கு அது புரிந்தும் இருக்காது.

“காதுல கிழிசல்கூடத் தெரிஞ்சது அப்பா” என்றேன்.

மறுநாள் காலை மூன்று பேரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் கெம்பையன் என்னிடம் வந்தான். அவன் கேட்டது கன்னடத்தில். கொட்டகையைச் சுற்றிக் கம்பி இழுத்து, பம்ப்செட் லைனிலிருந்து கரண்ட் கொடுத்தால் சிறுத்தை அண்டாமல் இருக்குமா என்று கேட்டான். ஐயா, நீங்கள் படித்தவர், அதை நேரில் பார்த்தவர் என்றான். காட்டு மிருகத்துக்குக் கம்பி என்றால் பயம்தான் என்றேன். போடு என்று நான் சொல்லவில்லை. இத்தனை நாளும் அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். போடு என்று சொல்லவில்லை.

போட்டான். மாடுகளைக் கட்டியதும், விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்விட்சைப் போடுவான். வீடு வீடாகப் போய், அந்தப் பக்கம் யாரும் வராதீர்கள் என்று சொன்னான். செல்லக்கண்ணுவின் ஷெட்டுக்கும் போயிருக்கிறான். கோணி கட்டியிருந்தது. ஆள் இல்லை.

ஊரிலிருந்து திரும்பிய அன்றைக்குச் செல்லக்கண்ணு தன் ஷெட்டுக்குப் போக வேண்டிய நேர்வழி ஏரிக்கரை. அதை அடைத்திருந்தார்கள். திறந்திருந்தாலும் அந்த வழியில் அவன் போயிருக்கமாட்டான், சிறுத்தைக்குப் பயம். கொட்டகையை ஒட்டிய சந்தில் போனான், கம்பி இழுத்திருந்த பக்கம். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கெம்பையனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் சம்சாரம் கெம்பம்மா இன்று காலையிலும் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்தாள். அளந்து ஊற்றிவிட்டுப் போனாள். லேஅவுட்டில் யாரும் கெம்பையனைக் குற்றம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. எல்லாம் சிறுத்தையால் வந்தது என்கிறார்கள். சீக்கிரம் பிடிக்கச் சொல்லி ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. என்னைத்தான் முதல் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

சிறுத்தையே கிடையாது என்று நேற்று பாலத்தில் சொல்லிப் பார்த்தேன். “மனசு ஒடைஞ்சு பேசறார், வீட்ல விட்டுட்டு வாங்க” என்றார் சேகரன். ரஞ்ஜிதாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அப்போ நான் பாத்த வாலு யாரோடது அங்கிள்?” என்று கேட்டாள்.

அப்படியும் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். தாரணி வந்தாள். ஷெட்டில் இருந்த சாமானை எடுத்துப்போக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு நேராக வந்து என் காலைத் தொட்டாள்.

“சாமி, நீங்க சொன்னதாலதானுங்க அவரு எங்களை ஊர்ல உட்டாரு. இல்லீன்னா நாங்களும் அவருகூடத்தானே வந்திருப்போம். நானும் புள்ளையும் பொழைச்சுக் கெடக்கறது உங்களாலதானுங்க.”

குழந்தையின் தலையையும் பிடித்து என் காலுக்குக் குனிய வைத்தாள். அது என் செருப்பு வாரைப் பிடித்து இழுத்தது. ஸத்யபாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாதம் மட்டும் போடுகிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. ஆசீர்வாதம் செய்தேன்.

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டே, அந்தச் சிறுத்தை எவ்வளவு நீளம் இருக்கும் என்று இப்போது கேட்டார். வாலோடா, வால் இல்லாமலா என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை, கேட்க உங்களுக்குத் தோன்றாது. செல்லக்கண்ணு செத்துப்போன அன்று சாயங்காலம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று முதல்நாள் விசாரித்தபோது, பாலத்தில் என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

அக்ரஹாரத்திலிருந்து பழைய சிநேகிதர்கள் சிலர் என் சிறுத்தையைக் கேட்பதற்கென்றே வந்திருந்தார்கள். இத்தனை வருஷம் என் யானையைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஒருவரும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மாடுகள் கொட்டகைக்குப் போயாகிவிட்டது. கெம்பையன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதை நான் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி செல்லக்கண்ணு ஒரு பையோடு பாலத்தைத் தாண்டினான்.

“சாமி, கொண்டுபோய் உட்டுப்போட்டேனுங்க” என்றான், சிரித்துக்கொண்டே.

சிறுத்தைக் கதையை நிறுத்தாமல், அப்புறம் பேசலாம் என்று கையைக் காட்டினேன். அவன் ரோட்டை விட்டு இறங்கிக் கொட்டகைச் சந்துப் பக்கம் திரும்பினான். பையைத் தோள் மாற்றிக்கொண்டான். அங்கே கம்பி இருப்பது அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். குரல் எட்டும் தூரம்தான். அவன் பெயரைச் சொல்லி ஒருதடவை கூப்பிட்டிருந்தால் போதும், நின்றிருப்பான்.

கூப்பிடவில்லை. கதையில் சிறுத்தை அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தது.