வீட்டோடு வைத்துப் பார்த்தவள்

அம்மாவைக் குளிப்பாட்ட வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று என் தம்பிக்குத் தெரியாது. விரலை விட்டுப் பார்த்தால் போதும் என்பான். விரல் எல்லாச் சூட்டுக்கும் பழகிப்போனது, அதை நம்ப முடியாது. முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு பக்கம் சூடு உறைக்காது. தோல் வெந்தால்கூடப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும், மேடம். ஆனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துச் செயற்கைப் பல் வரிசை செய்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது எங்கள் பட்டறையின் வேலை. மெருகேற்றுவது என் பொறுப்பு. ஈறில் பதிகிற இடத்தில் துளி சொரசொரப்பு இருந்தாலும் வாய் புண்ணாகிவிடும். சரியில்லை என்று என் கைக்கு ஒரு பல்கூடத் திரும்பி வந்ததில்லை.

அம்மா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன அன்று, ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டிரைவரிடம், "பாதி லைன்தான் கட்டாயிருக்கு, மெதுவா ஓட்டுப்பா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இவளை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று.

தம்பி விமானம் ஏறி வர வேண்டிய ஊரில் இருக்கிறான். தங்கை ரயில் ஏறினால் அரை நாளில் வந்துவிடலாம், ஆனால் ஏற வேண்டுமே. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எனக்கு வாழ்க்கை என்று தனியாக ஒன்று இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் பேசாமலே முடிவான விஷயம். வேலையை விடச் சொல்லி யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே என்று தங்கை இப்போது கேட்கிறாள். உண்மைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விட்டேன். சில வருஷங்கள் அப்படியே போயின. அம்மாவுக்கு ஊட்டுவது, துடைப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, தலை வாருவது, சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் கொண்டு வைப்பது எல்லாம் நான்தான். நடக்கப் பழக்குங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழக்கினேன். ஒருநாள் தடுமாறி என் மேலேயே சாய்ந்தாள். அன்றோடு நிறுத்திவிட்டேன். வம்பை விலைக்கு வாங்குவானேன்?

பிறகு என் முதுகு பிடித்துக்கொண்டது. அம்மாவைத் தூக்கப் போனவள் கட்டில் ஓரத்திலேயே மடங்கி விழுந்தேன். இரண்டு பேரும் தரையிலும் கட்டிலிலுமாகக் கிடந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார். அப்போதுதான் தங்கைக்கு ரயில் ஓடுவது நினைவுக்கு வந்தது.

கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். தம்பியை போனில் பிடித்து, பூச்சாடியில் சாய்த்து வைத்தாள் தங்கை. முதியோர் இல்லமா, வீட்டுக்கே ஆள் வைப்பதா என்பது பேச்சு. தம்பி எங்கோ படித்துவிட்டு வந்திருந்தான்.

"வீட்லயே வெச்சுப் பாக்கறதுக்கு அம்மா ஒத்துவருவாங்களா, வீடு ஒத்துவருமா, இதை ரெண்டையும்தான் பாக்கணும். எமோஷனலா முடிவெடுக்கக் கூடாது, அக்கா."

அம்மாவின் மலத்தை வருஷக்கணக்காக அள்ளியவளிடம் ஒருவன் பூச்சாடியில் சாய்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறான். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கழுவும்போது ஒன்றின் காது கையோடு வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது தங்கை அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ என்னம்மா சொல்றே?"

"ஆள் வைங்க" என்றாள் அம்மா. "பெரியவளுக்குக் கொஞ்சம் விடுதலை குடுங்க. எனக்கும்தான்."

எனக்கும்தான். போகிற போக்கில் சொன்னது. அதைக் கேட்டுத் தம்பி சிரித்தான். நீங்கள் எழுதுவதில் இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேலைக்கு ஆள் அனுப்புகிற நிறுவனத்திலிருந்து முதலில் மேற்பார்வை செய்கிற பெண் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தரை விரிப்பை எடுக்கச் சொன்னாள், குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொன்னாள். ஒரு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் தொடர்வோம் என்றாள். மறுநாளே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள் வந்து சேர்ந்தாள். குள்ளமான, கட்டுமஸ்தான பெண். வந்ததிலிருந்து போகும்வரை ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருப்பாள். அம்மா அவளுக்கு 'இன்ஜின்' என்று பெயர் வைத்தாள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

அவளைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். நல்ல பெண். அதுதான் சங்கடம்.

அவள் ஊட்டவில்லை. கரண்டியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சூப் எல்லாம் மடியில். நான் ஓடிப் போய்க் கரண்டியை வாங்கினேன். "விடுங்கக்கா, அவங்களால முடியுது. நேரம்தான் ஆகும்" என்றாள். என் அம்மாவால் என்ன முடியும் என்று எனக்குச் சொன்னாள்.

பிறகு பொத்தான். பிறகு தலை வாருவது, கோணல்மாணலாக. பிறகு விழுந்த கையையும் பிடிக்கப் பழக்கினாள். பிறகு ஒரு வாக்கர் வந்தது, நான்கு கால் வைத்த இரும்புச் சட்டம், கால்களுக்கு அடியில் ரப்பர் மூடி. இன்ஜின் பக்கத்தில் நடக்க, அம்மா கட்டிலிலிருந்து வாசல்வரை போனாள். அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். தங்கை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். எடுக்கச் சொன்னது என்னிடம்தான். தம்பி கைதட்டுகிற படங்களாக அனுப்பினான். எனக்கு அவன் ஒருநாளும் ஒன்றும் அனுப்பியதில்லை.

நான் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். முதலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என் மேசை இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி நின்றது. கம்ப்யூட்டரில் படம் போட்டால் அதுவே பல்லை அச்சடித்துத் தருகிறதாம். "உங்க கை மாதிரி வராதும்மா. ஆனா யாரு இப்ப கையைப் பாக்கறா?" என்றார். போகும்போது என் பழைய கருவிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார், மெருகு போடும் சிறு மோட்டார் உட்பட. மரியாதைக்காகக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மாவின் சிரிப்பு கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடையிலேயே நின்றேன்.

"இத்தனை வருஷம் என்னால ஆகாதுன்னே நெனச்சுட்டிருந்தேன். அவ என்னை எழுந்திரிக்க விட்டாத்தானே" என்றாள் அம்மா.

"பயம்மா அவங்களுக்கு. பாசம்தான்."

"என்னடி பாசம். நான் நடந்துட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?"

இன்ஜின் மாத்திரைக்கு நேரமாச்சு என்று பேச்சை மாற்றினாள். அவளுக்கு நல்ல மனசு. நான் திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடியும் சத்தமாகக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அந்த வாரக் கடைசியில் தங்கை வந்தாள். பூச்சாடி, போன், தம்பி, எல்லாம் பழையபடி. அம்மா தேறிவிட்டாள், வீட்டில் வைத்துப் பார்ப்பது பிரமாதமாகப் பொருந்துகிறது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். இனி இன்ஜின் இங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. எங்கே தங்குவாள் என்று நான் கேட்டேன்.

"பெரியவ ரூம் இருக்கே" என்றாள் அம்மா.

"நீ கொஞ்ச நாள் எங்கூட வந்து இரு, அக்கா" என்றாள் தங்கை. "ரெஸ்ட் எடு. பசங்களுக்கும் ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல ஆள் இருந்த மாதிரி இருக்கும்."

நான் சரி என்றேன். எல்லோருக்கும் அவ்வளவு நிம்மதி.

செய்ததைச் சொல்கிறேன். வாக்கர் காலில் இருக்கிற ரப்பர் மூடியின் அடியில் வட்ட வட்டமாகக் கோடு இருக்கும், அதுதான் தரையைப் பிடிக்கும். அம்மா தூங்கிய பிற்பகலில், என் அறையில் உட்கார்ந்து நான்கையும் மெருகேற்றினேன். ரப்பரில் மெருகு எடுப்பது பல்லைவிடக் கஷ்டம். சூடானால் இழுத்துக்கொள்ளும், நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும். நன்றாக வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் கைக்கு ஏற்ற வேலை.

மறுநாள் காலை நடையை நானே துடைத்தேன், சோப்புத் தண்ணீரில். அலசித் துடைக்கவில்லை. அம்மாவும் இன்ஜினும் வழக்கம்போல் வாசலுக்குக் கிளம்பினார்கள். பாதி வழி வந்திருப்பார்கள். நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டேன்.

"கொஞ்சம் வாயேன், இந்த சிலிண்டரை நகர்த்தணும். என் முதுகு ஒத்துழைக்காது."

"அம்மா தனியா நிக்கிறாங்களேக்கா."

"போடி, நான் நிக்கிறேன்" என்றாள் அம்மா. "நிக்கக்கூடத் தெரியாதா எனக்கு?"

இன்ஜின் வந்தாள். சிலிண்டரை இரண்டு பேரும் பிடித்திருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் இரும்பு, பிறகு அம்மா. இன்ஜின் ஓடினாள். நான் பால் பொங்காமல் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். பதற்றத்தில் அடுப்பை மறக்கிறவள் இல்லை நான்.

தரையில் கிடந்த அம்மா என்னைத்தான் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். வாய் கோணிக்கொண்டு போயிற்று, வார்த்தை வரவில்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, தலைக்குள் ரத்தக் கசிவு. இந்த முறை பேச்சும் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். இன்ஜின் ஆம்புலன்ஸில் அம்மாவோடு போனபோது, நான் பழைய மூடிகளைக் கழற்றிவிட்டு, எதிர்த்த மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த புது மூடிகளைப் போட்டேன்.

தம்பி விமானம் ஏறினான். புகார் கொடுத்தது அவன்தான், அது உங்களுக்கே தெரியும். தனியாக நிற்க விட்டுப் போனது அவள் தப்புதானே என்று கேட்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரப்பர் வழுக்கியது, யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அவள் அழுதுகொண்டே சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளை நீங்கள் அழைத்துப் போன அன்று, என்னைப் பார்த்து, "அம்மாவைப் பாத்துக்கோங்கக்கா" என்றாள். பாவம்.

இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன். இன்ஜினுக்காக வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி எழுதிக்கொண்டால் அது பொய். நேற்று ஆஸ்பத்திரியில் தங்கை சொன்னாள்: "பாத்தியாக்கா, வீடெல்லாம் சரிப்பட்டு வராது. அம்மாவை ஹோம்லதான் விடணும். நானும் தம்பியும் பேசி முடிச்சுட்டோம்."

பேசி முடித்துவிட்டார்களாம். எந்த வீடு சரிப்படவில்லை? எங்கள் வீட்டில் வாசல்படிகூட உயரம் இல்லை. கட்டிலுக்கு நேரே ஜன்னல். குளியலறைக்கு நான்கு எட்டு. அந்த வீட்டில் அம்மா ஒருநாளும் தானாக விழுந்ததில்லை. ஆள் சரியில்லை என்றார்கள், ஆளும் சரியாகத்தான் இருந்தாள். கண்ணால் பார்க்காத, கையால் தொடாத இரண்டு பேர் உட்கார்ந்து வீட்டின் மேல் பழி போடுகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வழுக்க வைத்தது நான். வேண்டுமென்றே வைத்தேன். இந்த உறையில் இருப்பவைதான் அந்த மூடிகள், நீங்களே தடவிப் பாருங்கள். வீட்டின் மேலும் குற்றம் இல்லை, அந்தப் பெண்ணின் மேலும் இல்லை என்பது இதோடு தெளிவாகிவிடும். தங்கையிடமும் தம்பியிடமும் நீங்களே இதை எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கோபத்தில் சொல்கிறேன் என்பார்கள்.

என்னை எங்கே வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன். ஆனால் அம்மாவை இல்லத்துக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள். அவள் இனி நடக்கப் போவதில்லை, கரண்டி பிடிக்கப் போவதில்லை, எனக்கு எதிராக ஒரு சொல் சொல்லப் போவதில்லை. மருத்துவரே சொல்லிவிட்டார். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அம்மா இப்போதுதான் சரியாகப் பொருந்தி வந்திருக்கிறாள்.